நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம்: மாநகராட்சிப் பள்ளியில் அறிவியலைச் செய்துபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஒரு மாநகராட்சி நடுநிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பு, இரண்டாம் பருவம், மின்னியல் பாடம். வகுப்பில் 40 பேர், தனி ஆய்வகம் கிடையாது, பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நடக்க முடியும். பாடவேளை 40 நிமிடம். இந்த நிலைமையில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பல்பு எரிய வேண்டும் என்றால் என்ன வாங்குவது, எப்படிக் கட்டிவைப்பது, எங்கே சொதப்பும் என்பதற்கான வழிகாட்டி இது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுக்கும் ஆசிரியர்களுக்கும், பள்ளிக்கு வாரம் ஒருமுறை வந்துபோகும் தன்னார்வலர்களுக்கும் பொருந்தும்.

லேப் இல்லை, பணம் இல்லை என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் காரணம். லேப் இருக்கும் இடத்திலும் பீரோ பூட்டியே கிடப்பது உண்டு. சோதனை படுத்துக்கொள்வது பெரும்பாலும் பொருளைப் பங்கிடும் அந்த ஐந்து நிமிடத்தில். அதில் தப்பித்தால், திரும்ப எண்ணி வாங்கும்போது. அதிலும் தப்பித்தால், தீர்ந்துபோன செல்லை யார் காசில் வாங்குவது என்ற கேள்வியில். இவற்றுக்கு முதலில் வழி செய்துவிட்டால், அறிவியல் பகுதி அவ்வளவு கஷ்டமில்லை.

முதலில் டப்பா

நான்கு பேருக்கு ஒரு குழு, ஆக பத்துக் குழுக்கள். ஐந்து பேர் வேண்டாம். ஐந்தாவது ஆள் எப்போதும் வேடிக்கைதான் பார்ப்பார். சாப்பாடு பார்சல் வரும் 750 மி.லி. பிளாஸ்டிக் டப்பா 11 சேருங்கள். பத்தில் 1 முதல் 10 வரை பெரிய எழுத்தில் எண் போடுங்கள். பதினோராவதில் ‘ஆஸ்பத்திரி’ என்று எழுதுங்கள். உடைந்தது, எரியாதது எல்லாம் அதில் போகும். மாற்றுப் பொருளும் அதிலிருந்தே வரும். உடைத்த பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்கும் நேரம் இதில் மிச்சம்.

டப்பாவின் மூடிக்கு உட்புறம் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: ‘வயர் 4, பல்பு 1, எல்இடி 1, ரப்பர் வளையம் 2’ என்று. திருப்பித் தரும்போது எண்ணிப் பார்த்து மூட வேண்டியது குழுவின் வேலை, உங்கள் வேலை அல்ல. நீங்களே பத்து டப்பாவையும் எண்ண உட்கார்ந்தால் அடுத்த பாடவேளை ஆசிரியர் வாசலில் நிற்பார்.

நான்கு பேருக்கும் வேலை பிரித்துக் கொடுங்கள். ஒருவர் டப்பாவை எடுத்து வந்து திருப்பிக் கொடுப்பவர், இருவர் கையால் செய்பவர்கள், ஒருவர் எழுதுபவர். அடுத்த வகுப்பில் வேலை மாறியே ஆக வேண்டும். மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை எந்த இருபாலர் வகுப்பிலும் பார்க்கலாம்: வயர் பையன்கள் கைக்கும், நோட்டு பெண் பிள்ளைகள் கைக்கும் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும்.

நேரத்தை இப்படி வெட்டுங்கள். கேள்வி கேட்டு, என்ன நடக்கும் என்று அவர்களையே சொல்லவைக்க 6 நிமிடம். டப்பா கொடுக்க 3. செய்துபார்க்க 17. எண்ணி மூட 4. பேச 10. பேசுவதற்கு முன்பே டப்பாவை வாங்கிவிட வேண்டும். கையில் எரியும் பல்பை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் உங்கள் விளக்கத்தைக் கேட்காது. கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

எங்கே வாங்குவது

எல்இடி, மின்தடை, டார்ச் பல்பு, பொம்மை மோட்டார் எல்லாவற்றுக்கும் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. வேதிப்பொருளுக்குப் பாரிமுனையில் நைனியப்ப நாயக்கன் தெரு, கண்ணாடித் துண்டுக்குத் தேவராஜ முதலி தெரு, அட்டைக்கும் காகிதத்துக்கும் ஆண்டர்சன் தெரு. ஒரு சனிக்கிழமை காலையில் பாரிமுனைத் தெருக்கள் மூன்றையும் நடந்தே முடித்துவிடலாம். வாங்கும் இடத்திலேயே கடை முத்திரையுடன் பள்ளியின் பெயருக்குப் பில் கேளுங்கள். வெறும் துண்டுச்சீட்டைக் கொண்டுவந்தால் பள்ளி மானியத்தில் கணக்குக் காட்ட முடியாது, கடைசியில் அது உங்கள் சொந்தச் செலவாகிவிடும்.

பத்துக் குழுக்களுக்கு மின்சுற்றுப் பட்டியல்: ஏஏ அளவு செல் 22. 2.5 வோல்ட் டார்ச் பல்பு 15, திருகு மாடல். சிவப்பு எல்இடி 20. நூறு ஓம் மின்தடை 20. அதன் மேல் பழுப்பு, கறுப்பு, பழுப்பு என்று வளையங்கள் இருக்கும். வயருக்குத் தனியாகச் செலவழிக்காதீர்கள். கணினிக்கு இணையம் இழுக்கும் லேன் கேபிளில் எட்டு ஒற்றைக் கம்பிகள் உண்டு. ஒரு மீட்டர் கேபிளைப் பிரித்தால் எட்டு மீட்டர் வயர், 20 செ.மீ. துண்டாக வெட்டினால் 40 துண்டு. பத்துக் குழுவுக்கும் நான்கு நான்கு. உடைவதற்குச் சேர்த்து இரண்டு மீட்டராக வாங்குங்கள், அல்லது கேபிள் மாட்டுபவரிடம் மிச்சத் துண்டு கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மலிவான லேன் கேபிளில் உள்ளே அலுமினியம் இருக்கும், மேலே தாமிரப் பூச்சு மட்டும். பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். நான்கு முறை மடக்கினால் ஒடிந்துவிடும், ஒடிந்தது உறைக்குள் வெளியே தெரியாது, அந்தக் குழு பாடவேளை முழுக்க “மிஸ், எங்களுக்கு மட்டும் எரியல” என்று உட்கார்ந்திருக்கும்.

செல் விஷயத்தில் விலை குறைந்த சாதாரண துத்தநாக–கார்பன் செல்லே போதும். ஆல்கலைன் நீண்ட நாள் உழைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பிள்ளைகள் இரண்டு முனையையும் நேரடியாக இணைக்காமல் இருக்கப்போவதில்லை. அப்போது சாதாரண செல்லில் பாயும் மின்னோட்டம் குறைவு, சூடும் குறைவு. பழைய செல்போன், லேப்டாப் பேட்டரிகளை வகுப்புக்குள் விடவே கூடாது. பொத்தான் செல்லும் வேண்டாம்: கூடவே வரும் தம்பி தங்கைகள் விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும்.

செல்லைப் பிடித்துவைக்க, பழைய சைக்கிள் டியூபை ஒன்றரை செ.மீ. அகலத்தில் குறுக்கே வெட்டினால் கிடைக்கும் ரப்பர் வளையம் போதும். அதைச் செல்லின் நீளவாக்கில் மாட்டி, இரண்டு முனையிலும் வயரைச் செருகலாம். டியூபின் உள்ளே இருக்கும் வெள்ளைப் பவுடரை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது முனையில் ஒட்டிக்கொண்டு தொடர்பைக் கெடுக்கும்.

முதல் சோதனை: ஒரு செல், ஒரு பல்பு, ஒரே ஒரு வயர்

முந்தைய நாளே வயர்களின் இரு முனையிலும் 2 செ.மீ. உறையை நீக்கிவையுங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட்டால் பல்லால்தான் செய்வார்கள்.

டப்பாவைத் திறக்கும் முன் கரும்பலகையில் நான்கு படம் வரையுங்கள். ஒன்றில் வயர் செல்லின் மேல்முனையிலிருந்து பல்பின் அடிப்புள்ளிக்கு மட்டும் போகிறது. இரண்டாவதில் பல்பு செல்லின் மேல் நிற்க, வயர் பல்பின் கண்ணாடியைத் தொடுகிறது. மூன்றாவதில் பல்பு மேல்முனையில் நிற்க, அதன் பக்கத் திருகிலிருந்து வயர் செல்லின் அடிக்குப் போகிறது. நான்காவதில் வயர் செல்லின் மேலிருந்து அடிக்குச் சுற்றிவர, பல்பு மேலே சும்மா அடிப்புள்ளியில் நிற்கிறது. எது எரியும்? கை தூக்கச் சொல்லி, எண்ணிக்கையைப் படத்துக்குக் கீழேயே எழுதிவையுங்கள். முதல் படத்துக்குக் கணிசமாக வாக்கு விழும். வீட்டில் ஸ்விட்சிலிருந்து பல்புக்கு ஒரு குழாய் போகிறது, அதன் வழியே கரண்ட் வருகிறது என்பதுதான் பிள்ளைகளின் கணக்கு. அதை உடைப்பதே இந்தப் பாடவேளையின் வேலை.

பிறகு செல் ஒன்று, பல்பு ஒன்று, வயர் ஒன்று மட்டும் கொடுங்கள். ஹோல்டர் கொடுக்காதீர்கள். ஹோல்டரில் திருகினால் பல்புக்கு இரண்டு தொடுமுனை இருப்பது மறைந்துபோகும், அதுதான் பாடமே. மூன்று நான்கு நிமிடம் எதுவும் எரியாது. இந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் ஆசிரியருக்குக் கஷ்டமான பகுதி. யாராவது ஒரு பிள்ளை பல்பின் அடியைச் செல்லின் மேல்முனையில் அழுத்திப் பிடித்து, வயரின் ஒரு நுனியைச் செல்லின் அடியில் கட்டைவிரலால் அமுக்கி, மறுநுனியை எங்கே வைப்பது என்று தேடும்போது அது தற்செயலாகத் திருகில் படும். ஒரு மினுக்கு. அந்தக் கை அப்படியே உறைந்து நிற்கும். பக்கத்துக் குழு எழுந்து வந்துவிடும். வரட்டும், தடுக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் பத்துக் குழுவிலும் எரிந்துவிடும்.

எரியாத குழுவுக்குப் பதில் சொல்லாமல் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: “பல்பில் உலோகம் எத்தனை இடத்தில் வெளியே தெரிகிறது?” அதற்கும் எரியவில்லை என்றால் ஆஸ்பத்திரி டப்பா. சந்தேகப்பட வேண்டிய வரிசை: முதலில் வயர் நுனியில் உறை மிச்சம், அடுத்து ஒடிந்த வயர், அடுத்து பல்பின் இழை, கடைசியாகச் செல். பிள்ளைகள் நேர்மாறாகச் செல்லைத்தான் முதலில் குறை சொல்வார்கள்.

வயரைச் செல்லின் இரு முனைக்கும் நேரடியாக இணைத்த குழு “சுடுது மிஸ்” என்று கத்தும். அதையும் பாடமாக்கிக்கொள்ளலாம்: உடனே பிரித்துவிட்டு, சூடு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வீட்டுப் பிளக்கில் இதைச் செய்துபார்க்கக் கூடாது என்பதைச் சொல்லவேண்டிய சரியான நொடியும் இதுவே. செல் 1.5 வோல்ட், பிளக் 230 வோல்ட் என்று இரண்டையும் பலகையில் அருகருகே எழுதுங்கள்.

இரண்டாவது பாடவேளைக்கு எல்இடி

எல்இடியின் நீளமான காலில் நூறு ஓம் மின்தடையை முன்கூட்டியே சாலிடர் செய்துவையுங்கள். முறுக்கிவிட்டால் கழன்று கழன்று வரும். ஒரு செல்லில் மாட்டச் சொல்லுங்கள். எரியாது. திருப்பி மாட்டச் சொல்லுங்கள். அப்போதும் எரியாது. செல்லை இரண்டாக்கினால் ஒரு திசையில் மட்டும் எரியும்.

காரணம் எளிது. சிவப்பு எல்இடிக்கு ஏறக்குறைய 1.8 வோல்ட் வேண்டும், ஒரு செல் கொடுப்பது 1.5. இரண்டு செல்லில் 3 வோல்ட். எல்இடி எடுத்துக்கொண்டது போக மிச்சம் 1.2, அதை நூறு ஓமால் வகுத்தால் 12 மில்லி ஆம்பியர். எல்இடிக்கு அது போதும். வெள்ளை, நீல எல்இடி வாங்கினால் இந்தச் சோதனை கெட்டுவிடும், அவற்றுக்கே மூன்று வோல்ட் கிட்ட தேவை.

இந்த இரண்டு செல் எல்இடியைக் கடத்தி, கடத்தாப்பொருள் பரிசோதிக்கப் பயன்படுத்துங்கள், டார்ச் பல்பை அல்ல. டார்ச் பல்புக்கு 300 மில்லி ஆம்பியர் அளவுக்குத் தேவைப்படுவதால் பென்சில் முனை வழியாக எரியத் திணறும், பிள்ளைகள் ‘பென்சில் கடத்தாது’ என்று எழுதிவிடுவார்கள். எல்இடி எரிந்துவிடும். இரண்டு பக்கமும் சீவிய பென்சில், சில்வர் டிபன் பாக்ஸ், பத்து ரூபாய் நாணயம், ரப்பர், சாக்லேட் உறை, ஜியோமெட்ரி பாக்ஸ் எல்லாம் சோதிக்கட்டும். கவரிங் வளையலில் சிலது எரியும், சிலது எரியாது. பெயிண்ட் அடித்த ஜியோமெட்ரி பாக்ஸும் அப்படித்தான். சுரண்டிய இடத்தில் எரியும். ‘உலோகம் எல்லாம் கடத்தும்’ என்று மனப்பாடம் செய்த வகுப்பில் இதைவிட நல்ல சண்டை கிடைக்காது.

இரண்டாவது சோதனை: உங்கள் தெருத் தண்ணீர் எவ்வளவு கடினம்?

இது எட்டாம் வகுப்புக்கும் மேல் வகுப்புகளுக்கும் நன்றாகப் போகும், ஆறாம் வகுப்பு சுருக்கமாகச் செய்யலாம். கடினத்தன்மை என்பது நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவு; அது கூடக்கூட சோப்பு நுரைக்கத் திணறும். சென்னைக்கென்றே செய்தது போன்ற சோதனை. ஒரே வகுப்பில் ஒருவர் வீட்டில் மெட்ரோ வாட்டர் குழாய், ஒருவர் வீட்டில் போர், ஒருவருக்கு அடிபம்பு, ஒருவருக்கு லாரி, குடிக்க எல்லோருக்கும் கேன். குழாயில் வருவதும் ஒரே தண்ணீர் அல்ல: புழல், செம்பரம்பாக்கம், வீராணம் ஏரிகளிலிருந்தும், 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் தொடங்கிய கடல்நீர் ஆலைகளிலிருந்தும் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறி வருகிறது.

தேவையானவை: பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் 5 லிட்டர் கேன் ஒன்று. நூறு கிராம் குளியல் சோப்பு ஒன்று. ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச் பத்து. கழுவிக் காயவைத்த கண் சொட்டுமருந்துப் புட்டி பத்து. மூடியுள்ள 200 மி.லி. தண்ணீர் பாட்டில் முப்பது. உரக்கடையில் கிடைக்கும் மெக்னீசியம் சல்பேட் கொஞ்சம்.

சோப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். துணி துவைக்கும் பார் பெரும்பாலும் டிடர்ஜென்ட்; அது கடினநீரிலும் நுரைக்கும், சோதனை படுத்துவிடும். ஷாம்பூவும் அதே கதைதான். உறையில் ‘டிஎஃப்எம் 76’ (சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் சதவீதம்) அல்லது அதற்கு மேல் போட்டிருக்கும் முதல் தரக் குளியல் சோப்பாகப் பாருங்கள்.

சோப்புக் கரைசல். நூறு கிராம் சோப்பைப் பத்துச் சம துண்டாக வெட்டினால் ஒன்று 10 கிராம். ஒரு துண்டைக் காய்கறி துருவியில் துருவி, வெதுவெதுப்பான பேட்டரி தண்ணீர் அரை லிட்டரில் போட்டு இரவு முழுக்க விடுங்கள். குலுக்கிக் கரைக்காதீர்கள், நுரையாகவே போய்விடும். கரண்டியால் மெதுவாகக் கலக்குங்கள். இது இரண்டு சதவீதக் கரைசல். குழாய்த் தண்ணீரில் கரைத்தால் அப்போதே கொஞ்சம் சோப்பு திரிந்துவிடும்.

ஒப்பீட்டுக் கரைசல். ஒரு லிட்டர் பேட்டரி தண்ணீரில் ஒரு கிராம் மெக்னீசியம் சல்பேட் போட்டால், கடினத்தன்மை ஏறக்குறைய லிட்டருக்கு 400 மில்லிகிராம். கால்சியம் கார்பனேட் கணக்கில் சொல்வது வழக்கம். அதில் 25 மி.லி. எடுத்து 75 மி.லி. பேட்டரி தண்ணீர் சேர்த்தால் 100. பாதிக்குப் பாதி என்றால் 200. 75க்கு 25 என்றால் 300. ஒரு கிராமை அளக்க நகை எடைபோடும் சின்ன டிஜிட்டல் தராசு தேவைப்படும். அதில்லாவிட்டால் பத்து கிராமைக் கடைத் தராசில் நிறுத்து, பத்து லிட்டர் கணக்கில் கலக்காமல், ஒரு லிட்டரில் கரைத்துவிட்டு அந்தக் கரைசலைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்யலாம்.

செய்முறை: 

1. பாட்டிலில் சிரிஞ்சால் 10 மி.லி. மாதிரி நீர் எடுக்கவும்.
2. சோப்புக் கரைசலை இரண்டு இரண்டு சொட்டாக விடவும். ஒவ்வொரு முறையும் மூடி, பத்துத் தடவை பலமாகக் குலுக்கவும்.
3. பாட்டிலைக் கிடையாக வைத்து 30 எண்ணவும். நுரை மேற்பரப்பு முழுவதும் உடையாமல் நின்றால் முடிந்தது. சொட்டு எண்ணிக்கையை எழுதவும். உடைந்தால் இரண்டாவது படிக்குத் திரும்பவும்.
4. நாற்பது சொட்டிலும் நுரை நிற்காவிட்டால் நிறுத்தவும். 5 மி.லி. மாதிரியுடன் 5 மி.லி. பேட்டரி தண்ணீர் சேர்த்து மறுபடி செய்து, வரும் எண்ணை இரண்டால் பெருக்கவும்.

பேட்டரி தண்ணீருக்கு ஒன்றிரண்டு சொட்டு போதும். 100 கரைசலுக்குப் பத்துச் சொட்டைச் சுற்றி வரும், 300க்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. உங்கள் சோப்பையும் சொட்டின் பருமனையும் பொறுத்து எண் மாறும். அதனால்தான் ஒப்பீட்டுக் கரைசல். ஒவ்வொரு குழுவும் தன் புட்டியில் எத்தனை சொட்டு சேர்ந்தால் ஒரு மி.லி. என்று முதலில் எண்ணிவைக்கட்டும். ஒரு குழுவுக்கு 20, இன்னொன்றுக்கு 28 வரலாம். இதைச் சரிபார்க்காமல் குழுக்களின் எண்ணை ஒப்பிட்டால் எல்லாம் குழம்பும்.

மெக்னீசியம் உள்ள நீரில் ஒரு சிக்கல் உண்டு. நுரை நின்றது போலத் தெரியும், 20 எண்ணுவதற்குள் உடைந்துவிடும். சோப்பும் மெக்னீசியமும் மெதுவாகத்தான் வினைபுரியும் என்பதால் இது போலி நுரை. பிள்ளைகள் அவசரப்பட்டு எழுதிவிடாமல் இருக்கத்தான் 30 வரை எண்ணுவது.

பலகையில் கிடையச்சில் கடினத்தன்மை, நெடுக்கச்சில் சொட்டு என்று வரைபடம் போட்டு, தங்கள் வீட்டுத் தண்ணீரின் எண்ணை அதிலிருந்து படிக்கட்டும். இந்தியக் குடிநீர்த் தரநிலையில் ஏற்கத்தக்க அளவு 200, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. வீட்டிலேயே போர்த் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறி, தெளிந்ததை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொன்னால் இன்னொரு சுவாரசியம்: சொட்டு எண்ணிக்கை குறையும், பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு தங்கும். அந்தப் படிவில் எலுமிச்சைச் சாறு விட்டால் பொங்கும். கொதித்தும் போகாத மிச்சம்தான் நிரந்தரக் கடினத்தன்மை.

இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்லிவிடுங்கள். நன்றாக நுரைக்கும் தண்ணீர் என்பதால் அது குடிக்க ஏற்றது என்று அர்த்தமில்லை. சாக்கடை கலந்திருந்தாலும் நுரைக்கும். உப்புக் கரிப்பதும் கடினத்தன்மையும் ஒன்றல்ல. கேன் கடைக்காரர் முக்கிக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சாதாரண உப்பையும் சேர்த்தே அளக்கும். பேட்டரி தண்ணீர் பாட்டிலின் மேல் ‘குடிக்கக் கூடாது’ என்று எழுதி ஒட்டுங்கள். கோடையில் யாராவது ஒருவர் எடுத்துக் குடிக்கத்தான் போகிறார்.

மூன்றாவது சோதனை: மொட்டை மாடியும் ஒரு குச்சியும்

மைதானம் இல்லாத பள்ளிக்கும் மொட்டை மாடி உண்டு. கைப்பிடிச் சுவர் இடுப்புக்கு மேல் இருந்தால் மட்டும், பத்துப் பத்துப் பேராக அழைத்துப் போங்கள்.

ஒரு மீட்டர் குச்சியை மணல் நிரப்பிய பெயிண்ட் வாளியில் செங்குத்தாக நட்டு, அதன் மொத்த உயரம் தரையிலிருந்து ஒரு மீட்டர் வருமாறு சரிசெய்யுங்கள். நூலில் நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டுச் செங்குத்தைச் சரிபார்க்கலாம்; சாய்ந்த குச்சி எல்லா அளவையும் கெடுக்கும். பகல் 11.45இலிருந்து 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறியுங்கள். மிகக் குட்டையான நிழல் பெரும்பாலான நாட்களில் 12 மணிக்கு வராது. நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, சென்னை ஏறக்குறைய 80.3இல் இருக்கிறது. அந்த வித்தியாசத்துக்கு ஒன்பது நிமிடம். மாதத்தைப் பொறுத்து இன்னும் சில நிமிடங்கள் முன்பின் ஆகும். இந்தக் கணக்கை எட்டாம் வகுப்பு தானே போடும்: பூமி ஒரு பாகை சுற்ற நான்கு நிமிடம்.

ஜூன் 21ஐ ஒட்டி அளந்தால் நிழல் சுமார் 18 செ.மீ., தெற்குப் பக்கம் விழும். டிசம்பர் 21ஐ ஒட்டி அளந்தால் சுமார் 74 செ.மீ., வடக்குப் பக்கம். சூரியன் நடுப்பகலில் நமக்கு வடக்கே நிற்கும் மாதங்களும் உண்டு என்பது பெரியவர்களுக்கே புதுசாக இருக்கும். நிழல் காணாமல் போகும் நாள் சென்னைக்கு ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் வருகிறது. ஏப்ரல் தேர்வில் போய்விடும். ஆகஸ்டைப் பிடியுங்கள், மேகம் கவிந்தால் ஏமாற்றம்தான், மறுநாள் பாருங்கள், நிழல் அப்போதும் ஒரு செ.மீ. அளவுக்குள்தான் இருக்கும். அன்றைக்குக் குச்சிக்குப் பதில் ஒவ்வொரு பிள்ளையும் தன் தண்ணீர் பாட்டிலை வைத்துப் பார்க்கலாம். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை ஏறும் முன்பே சொல்லுங்கள், மேலே போனபின் யாரும் கேட்கமாட்டார்கள்.

ரோபோவும் கோடிங்கும்

கேட்பார்கள். நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், அதில் முப்பரிமாண அச்சு எந்திரமும் வரும். வந்தால் நல்லது. ஆனால் ஒரு செல்லில் எல்இடி ஏன் எரியவில்லை என்று சொல்லத் தெரியாத பிள்ளையிடம் ரோபோவைக் கொடுத்தால், அவர் செய்வது ஒட்டுவேலை மட்டும்தான். ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணு போர்டு) தொடங்குவதானால் நான்கு பேருக்கு ஒரு போர்டு, முதல் மாதம் முழுக்க எல்இடியும் ஸ்விட்சும் மட்டும். ரிச்சி தெருவில் கிடைக்கும் மலிவு போர்டுகளுக்குப் பெரும்பாலும் சிஹெச்340 என்ற டிரைவர், அதாவது போர்டோடு கணினி பேச உதவும் மென்பொருள், வேண்டும். பள்ளிக் கணினியில் எதையும் நிறுவ அனுமதி பூட்டியிருக்கும். வகுப்பு நாளில் இது தெரிந்தால் அன்றைய பாடவேளை காலி. ஒரு வாரம் முன்பே கேட்டு நிறுவிவையுங்கள்.

2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றத்தின் (அரசுப் பள்ளிகளில் அறிவியல், கணிதத்தைச் செய்துகாட்டும் திட்டம்) கருத்தாளர் உங்கள் பள்ளிக்கு வருவார் என்றால், எந்தச் சோதனை செய்யப்போகிறார் என்று முன்பே கேட்டு, அதே வாரத்தில் அந்தப் பாடத்தை வையுங்கள். அவர் போனபின் அந்தச் சோதனையை உங்கள் டப்பாவில் ஒருமுறை பிள்ளைகள் கையால் செய்யாவிட்டால் அது மேஜிக் ஷோவாகத்தான் நினைவில் நிற்கும்.

பதிவேடு

பீரோ பூட்டியே கிடப்பதற்கான காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் பல்பையும் வயரையும் நிரந்தரப் பொருளாக எழுதிவிட்டால், உடைந்தால் பதில் சொல்ல வேண்டும் என்ற பயத்தில் யாரும் வெளியே எடுக்கமாட்டார்கள். செல், பல்பு, எல்இடி, வயர், சிரிஞ்ச், சோப்பு எல்லாவற்றையும் தீர்ந்துபோகும் பொருள் பக்கத்தில் எழுதுங்கள். தராசு, சாலிடரிங் கருவி போன்றவை மட்டும் நிரந்தரம். மூன்று பல்பு உடைந்தது என்றால் மூன்று பல்பு பயன்பட்டது என்று எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்குங்கள். பருவத்துக்கு ஒருமுறை செல் மாற்றும் செலவைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே பேசி வாங்கிவிடுவது நல்லது. இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் இழுபடும்.

செல்களை வயரோடு ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். எங்காவது முனைகள் தொட்டு, திங்கட்கிழமை திறந்தால் எல்லாம் செத்திருக்கும். தனி டப்பாவில், எல்லாம் ஒரே திசை பார்த்து. பழையதையும் புதியதையும் ஒரே சுற்றில் கலக்க வேண்டாம், பழையது கசிந்துவிடும். ஏப்ரல் கடைசியில் எல்லாச் செல்லையும் எடுத்துவிடுங்கள்: கோடை விடுமுறையில் பீரோவுக்குள் கசிந்தால் டப்பாவில் இருக்கும் வயர் முனைகளும் பச்சை பூத்துவிடும்.

மே மாதம் இடமாறுதல் வந்தால் டப்பாக்கள் யாருக்கும் புரியாத குப்பையாகிவிடும். அதனால் ஆஸ்பத்திரி டப்பாவின் மூடிக்குள் ஒரு தாள் ஒட்டிவையுங்கள்: எந்தக் கடையில் வாங்கியது, எந்தப் பல்பு எத்தனை வோல்ட், உங்கள் புட்டியில் ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு, மொட்டை மாடிச் சாவி யாரிடம்.